நான் ஏறாத விமானம்

விமானத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர்: ஓட்டிய கேப்டன் வர்கீஸ், மெக்கானிக் பாஷா பாய். நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் நீங்களும் என்னைத்தான் சந்தேகப்படப் போகிறீர்கள். எங்கள் ஊர் மலையைச் சுற்றிப் பேய், சித்தர் நடமாட்டம் என்று ஆயிரம் கதை சொல்வார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான், பி.யூ.சி. வரை படித்தவன், ஒன்றையும் நம்பியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லைகளில் கம்பளிப்பூச்சி கட்டுக்கடங்காமல் போய், மருந்து தெளிக்க ஒரு தனியார் கம்பெனி இரட்டை எஞ்சின் குட்டி விமானம் ஒன்றைக் கொண்டுவந்தது. கொல்லை ஓரத்தில் வெள்ளைக் கொடி பிடித்து நிற்பது என் வேலை. விமானம் கொடிக்கு நேராக வந்து மருந்தடித்துவிட்டுப் போகும், உடனே கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி நிற்க வேண்டும். சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று வாங்கிய முதல் ஆளும் நான்தான்.

அன்று இடது எஞ்சின் சத்தம் சரியில்லை, கூடவே போய்க் கேட்டுப் பார்க்கிறேன் என்று பாஷா பாய் ஏறினார். மூன்றாவது ஆள் ஏறவே கூடாது என்பது கம்பெனி உத்தரவு. நான் கொல்லையின் இந்தக் கோடியில், இன்னொரு கொடிக்காரரான ஏழுமலை அந்தக் கோடியில். கொஞ்ச நேரத்தில் இடது எஞ்சின் கரும்புகை கக்கியது, காற்றாடி நின்றது, விமானம் சாய்ந்தபடியே பனைமரங்களுக்குப் பின்னால் மறைந்தது. கொடியைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்படித்தான் என் ஞாபகம்.

வறண்ட ஏரிக்குள் சக்கரம் ஒடிந்து, இடது இறக்கை மடங்கிக் கிடந்தது. இருவருக்கும் வெறும் சிராய்ப்புதான். பாஷா பாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"டேய் சேகரு, நீ மட்டும் சொல்லலன்னா இன்னிக்கு மௌத்துதான்டா."

"நான் என்னா பாய் சொன்னேன்?"

"பின்னால குந்திக்கினு கத்தினியே! அது சரி, எங்களுக்கு முன்னாடி எப்பிடிடா எறங்கினே?"

கேப்டன் பதற்றத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது எஞ்சினை நிறுத்தப் போனாராம். மருந்துத் தொட்டிப் பக்கமிருந்து நான், "அது இல்லீங்க சார், உங்க இடது காலு சும்மா கீது பாருங்க" என்றேனாம். ஒரு எஞ்சின் செத்துவிட்டால் விமானம் திரும்பாமலிருக்க ஓடுகிற எஞ்சின் பக்கத்துப் பெடலைக் காலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், எந்தக் காலுக்கு வேலை இல்லையோ அந்தப் பக்கம்தான் செத்தது, அது விமானம் ஓட்டுகிறவர்களின் கணக்கு என்று கேப்டனே எனக்கு விளக்கினார். அதுவரை சத்தியமாக எனக்கு அது தெரியாது.

நான் முதலில் சந்தேகப்பட்டது அவர்களைத்தான். ஆள் ஜாஸ்தி, எடை தாங்கவில்லை என்று சொல்லிவிட்டால் எஞ்சினைச் சரியாகப் பார்க்காத பழி பாய் மேல் வராதே. ஆனால் பழி போடுகிற மனுஷன் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுவாரா?

மெட்ராஸிலிருந்து மேனேஜர் வந்தார். செங்கம் ரோட்டில் ஒரு வாடகை அறையில் விசாரணை.

"ஏறினியா, இல்லையா?"

ஏறினேன் என்றால் என் வேலை போகும். இல்லை என்றால் அவர்கள் இருவரும் பொய்யர்கள்.

"ஏறலைங்க சார். ஏழுமலையக் கேளுங்க."

ஏழுமலை தலையைச் சொறிந்தார். "கொல்லையிலதான் சார் இருந்தாரு. ஆனா பிளேன் உழுந்து ஊரே ஓடுது, இவரு தூக்கின கொடியோட அப்பிடியே நிக்கிறாரு. 'யோவ் சேகரு'ன்னு எத்தினி வாட்டி கூப்ட்டேன், திரும்பல. கிட்ட போயி உலுக்கினப்புறந்தான் ஓடினாரு. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு சார். ஒதடு மட்டும் ஆடிக்கினே இருந்துச்சு."

என்னை உலுக்கியதாக எனக்கு நினைவே இல்லை.

எல்லாரும் கூடிப் பேசி வைத்த நாடகம் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். இன்றும் பஸ்ஸுக்காக எங்காவது சும்மா நிற்கும்போது, என்னை அறியாமல் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

விமானம் பழுது பார்த்து மறுபடி பறந்தது, கேப்டனும் அதிலேயே போனார். போனது பாஷா பாயின் வேலையும் என் வேலையும். அவருடைய நானூற்றைம்பதும் என்னுடைய இருநூறும் சேர்த்து, மாதம் அறுநூற்றைம்பது ரூபாய்.