அடுத்தவர் மனையில் எங்கள் வீடு

அன்பானவர்களே, எங்கள் வீட்டை இடிக்கச் சொல்லி வழக்கு நடந்ததே, அது முடிந்த விதத்தைச் சொல்கிறேன். சந்தோஷத்தைவிடக் களைப்புதான் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்யூர் பக்கம் நாங்கள் வாங்கிய மனை பள்ளம். வீடு கட்டும் முன் அங்கே ஜெபம் வைத்த அன்று முழங்கால் அளவு மழைத்தண்ணீர். பந்தலைப் பக்கத்து மனையில் போட்டோம். பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்த மூலைக்கல்லையும் அங்கேயே நட்டுவிட்டு வந்தோம். தண்ணீர் வற்றிய பிறகு வந்த மேஸ்திரி, அந்தக் கல்லிலிருந்து அளவு பிடித்துவிட்டார். மணல் காய்ந்தால் எல்லா மனையும் ஒன்றுபோலத்தானே. எங்களுக்கும் தெரியவில்லை.

குடிபோன பிறகு, செங்கல்பட்டிலிருந்து வசந்தா டீச்சர் தன் மனையைப் பார்க்க வந்தார். வாசலில் நின்று, "யாரும்மா நீங்க? இது எங்க மனையாச்சே" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம். "கர்த்தர் குடுத்த மண்ணு இது. ஜெபம் பண்ணிக் கட்டன வூடு. யார் வந்து இன்னா பண்ணிடுவாங்க?" என்றார். சர்வேயர் அளந்தார். வீடு முழுக்க டீச்சர் மனையில் இருந்தது. டீச்சர் வழக்குப் போட்டார்.

வாய்தா, மறுபடி வாய்தா. ஜெயிக்க வேண்டுமென்று உபவாசம் இருந்தேன். உடம்பு இளைத்ததுதான் மிச்சம். ஒரு நாள் அடுப்படியிலேயே உட்கார்ந்து, "ஆண்டவரே, ஜெயம்கூட வேண்டாம். அந்த அம்மாவுக்கும் நியாயம் செய்யும். இது முடிந்தால் போதும்" என்று அழுதேன்.

அடுத்த வாய்தாவுக்குக் கோர்ட்டில் டீச்சருக்கும் எனக்கும் ஒரே பெஞ்சில்தான் இடம் கிடைத்தது. எதிர்த்தரப்போடு பேசாதே என்று வக்கீல் சொல்லியிருந்தார். டீச்சர் முட்டியைப் பிடித்துக்கொண்டு இருந்ததைப் பார்த்து, "ரொம்ப வலிக்குதா டீச்சர்?" என்று கேட்டுவிட்டேன்.

"வலிதான். உனக்கும் சலிச்சுப்போச்சு இல்ல?"

"ஆமா டீச்சர். முடியல."

டீச்சர் முட்டியை நீவிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அந்த எடத்துலதான் கட்டணும்னு எனக்கு ஒண்ணும் வேண்டுதல் இல்ல. உன் மனைய எனக்கு எழுதிக் குடு, என்னுத நீ எடுத்துக்க. பள்ளத்த மட்டும் மண்ணு கொட்டி மேடாக்கிடு" என்றார்.

மனையை மாற்றிப் பத்திரம் பதிந்தோம். வழக்கு வாபஸ் ஆனது. டீச்சர் நம் சபைக்காரர் இல்லை, கோயிலுக்குப் போகிறவர். என் ஜெபத்துக்கான பதிலை ஆண்டவர் அவர் வாயில்தான் வைத்திருந்தார். ஆண்டவருக்கே ஸ்தோத்திரம். இப்போது நான் அதிகம் கேட்டு ஜெபிப்பதில்லை.

உங்களில் வழக்கோடு அலைகிறவர்கள் இருந்தால் ஆண்டவரை நம்புங்கள். ஜெயம் கேட்பதை ஒரு நாள் நிறுத்தி, எதிராளியின் பெயரைச் சொல்லி அவருக்காகவும் ஜெபியுங்கள். பிறகு வாய்தா அன்று அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.