தம்பிக்கு வந்த ரீச்சர்

எனக்கும் மூளையில் ஏதாவது வித்தியாசம் இருக்க வேண்டும் என்று ஒன்பது வயதில் நல்லூர் முருகனுக்கு நேர்த்தி வைத்தவன் நான். பலித்தால் மூன்று தேங்காய் உடைப்பதாகப் பேச்சு. அது எப்போதோ பலித்துவிட்டது, போய்த் தேங்காயை உடை என்று என்னோடு படித்தவர்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள்.

எல்லாம் தம்பிக்கு வந்த ரீச்சரால்தான்.

தம்பிக்கு அப்போது ஐந்து வயது. கதைக்க மாட்டான். யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டான். பால்மாத் தகரப் பேணியின் மூடியைச் சீமெந்து நிலத்தில் சுழலவிட்டு, அது ஆடி ஆடி விழும்வரை பார்த்துக்கொண்டிருப்பான். விழுந்தால் மறுபடி சுழற்றுவான். டொக்டர் அதற்கு ஓட்டிசம் என்று பெயர் சொன்னார். அதன்பிறகு கிழமையில் மூன்று நாள், பின்னேரம் நாலு மணிக்கு, மானிப்பாயிலிருந்து ஒரு ரீச்சர் ஸ்கூட்டியில் புத்தூருக்கு, எங்கள் வீட்டுக்கே வரத் தொடங்கினார்.

எனக்கு வயிறு எரிந்தது. கணக்குக்கு நான் சைக்கிள் மிதித்து ரியூஷனுக்குப் போக, அவனுக்கு மட்டும் ரீச்சர் வாசல் தேடி வந்தார். அவனுக்குச் சத்தம் ஆகாது என்று என் சைக்கிள் மணியைக் கழற்றினார்கள். நான் வகுப்புச் சோதனையில் மூன்றாம் பிள்ளையாக வந்ததற்கு வீட்டில் கிடைத்தது ஒரு ‘ம்’. அவன் கரண்டியைத் தானாகப் பிடித்த செய்தியோ அன்றைக்கே கனடாவில் இருந்த பெரியம்மா வரை போய்ச் சேர்ந்தது.

ரீச்சர் தன்னுடைய ரப்லெட் திரையில் மூளையின் படத்தை அம்மாவுக்குக் காட்டி விளக்குவார். நான் யன்னலுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்பேன். முகம் என்பது இவனுடைய மூளைக்கு நாலு ஒலிபெருக்கி ஒரே நேரத்தில் பாடுவதுபோல, அதனால்தான் பார்க்காமல் விடுகிறான், வெறுப்பால் அல்ல என்றார். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் அந்த மூளை அமைதியாகும் என்று ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்லுகிறார்களாம். ஆகவே பக்கத்தில் இருந்து அவன் செய்வதையே செய்யுங்கள், கதைக்க வேண்டாம், முகத்தைப் பார்க்கவும் வேண்டாம், அவனாக நிமிர்வான் என்றார்.

அம்மாவுக்கு வேண்டியதும் அது ஒன்றுதான். அவன் ஒரேயொரு முறை நிமிர்ந்து தன்னைப் பார்க்க வேண்டும். ஒரு மாதமாக அம்மாவும் மூடி சுழற்றினார். ஆனால் இரண்டு சுற்றுக்கு மேல் பொறுக்க அவரால் முடியாது. குனிந்து அவன் முகத்துக்குள் எட்டிப் பார்த்து, “என்ரை குஞ்செல்லே, அம்மாவை ஒருக்காப் பார் ராசா” என்று கெஞ்சத் தொடங்கிவிடுவார். தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவான். ரீச்சர் பெருமூச்சு விடுவார்.

முருகன் தாமதித்ததால் நானே காரியத்தில் இறங்கினேன். ஒரு திங்கட்கிழமை ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் இரண்டு காதையும் பொத்தினேன். ரீச்சர் சுகம் கேட்டதற்குச் சுவரைப் பார்த்தேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார். அவமானமாகப் போயிற்று. குசினிக்குள் ஓடி, இருந்த மற்றப் பேணியின் மூடியைக் கழற்றிக்கொண்டு வந்து தம்பிக்குப் பக்கத்தில் குந்தினேன். உவனுக்கு மட்டுந்தான் சுழற்றத் தெரியுமோ, பார்ப்போம் என்று என் மூடியை விட்டேன்.

அம்மா என்னை எழுப்ப வந்தார். ரீச்சர் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

முதலில் போட்டியாகத்தான் இருந்தது. என்னுடையது ஒவ்வொரு முறையும் முன்னதாகவே விழுந்தது. அந்த எரிச்சலில் ரீச்சரையும் மறந்தேன், தம்பியின் முகத்தையும் நான் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் அவனுடைய விரலில்தான். அவன் எந்தப் பக்கம் திருகுகிறான் என்று களவாகப் படித்து அப்படியே செய்தேன். அவன் மூடியைக் கையால் அமுக்கினான். நானும் அமுக்கினேன். அவன் சுழற்றினான். நானும் சுழற்றினேன். மறுபடி அமுக்கினான். நானும்.

சுழற்சி நின்றுவிட்டது. என்ன, மூடியை விடுகிறான் இல்லையே என்று தலையைத் தூக்கினால், தம்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேராக, கண்ணுக்குள். நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினேன். அப்போதும் அவன் கண்ணை எடுக்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

“பாத்தீங்களே அம்மா?” என்றார் ரீச்சர், மெதுவாக.

அம்மா பார்த்துக்கொண்டுதான் நின்றார். பிறகு குசினிக்குள் போய்விட்டார். ரீச்சர் தன் பதிவுக் கோப்பைத் திறந்து, தம்பியின் பெயரைப் போட்டு நீளமாக ஏதோ எழுதினார். என்னுடைய பெயர் எங்கும் இல்லை. மூடி சுழற்றியது நான், புகழ் அவனுக்கு. இந்த அநியாயத்தை முறையிட நான் அம்மாவுக்குப் பின்னால் போனேன்.

அம்மா அடுப்பைப் பற்றவைக்காமலே கேத்திலை அதன்மேல் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தேத்தண்ணி யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் பொறாமை எனக்கு மட்டுந்தான் சொந்தம் என்று நினைத்திருந்த வயது அது.

“அம்மா, அவன் என்னைத்தானே பாத்தவன்?” என்றேன்.

“ஓம், உன்னைத்தான்.”