ஒன்பதும் முப்பத்தாறும்

பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறவள் நான். ஆவடியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தபோது ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா என்னையும் என் கணவரையும் உட்காரச் சொன்னார்.

"ரெண்டு பேருக்குமே தலசீமியா மறைவா இருக்கு. உங்களுக்கு அதால ஒண்ணும் ஆகாது. ஆனா ரெண்டு பேர்கிட்டருந்தும் குழந்தைக்குப் போச்சுன்னா, வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏத்த வேண்டியிருக்கும். நாலுல ஒரு வாய்ப்பு. வயித்துல குழந்தையைச் சுத்தி இருக்கிற நீரைக் கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணிடலாம்."

திருவேற்காடு வழியாக ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார்:

"நாலுல ஒண்ணுன்றாங்களே, பெரியவ நல்லாத்தானே கீறா? நல்லதுல ஒண்ணு போய்டுச்சுன்னா, இனிமே மூணுல ஒண்ணா?"

நான் மகளின் பரமபதப் பெட்டியிலிருந்து சிவப்புப் பகடையையும் வெள்ளைப் பகடையையும் எடுத்து வந்தேன்.

"சிவப்பு நீங்க, வெள்ளை நான். ஒத்தப்படை விழுந்தா நம்ம குறை குழந்தைக்குப் போச்சுன்னு வெச்சுக்குங்க. ரெட்டைப்படைன்னா போகல. ஒரு பகடையில ஒத்தப்படை மூணு, ரெட்டைப்படை மூணு. ரெண்டையும் சேர்த்தா முப்பத்தாறு விதமா விழும். ரெண்டுமே ஒத்தப்படையா விழுறது மூணு தடவை மூணு, ஒம்போது."

"முப்பத்தாறுல ஒம்போது. அதான் நாலுல ஒண்ணா?"

"ஆமா. பெரியவளுக்கு விழுந்தது இந்தப் பகடைக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் புதுசுதான்."

புரியட்டும் என்று உருட்டினேன். மூன்றும் ஐந்தும் விழுந்தன.

அவர் சட்டென்று பகடைகளை உள்ளங்கையால் மூடினார். வெறும் பிளாஸ்டிக் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் கையை விலக்க எனக்கு மனம் வரவில்லை.

"இது கணக்குல வராது. இன்னொரு வாட்டி போடறேன்" என்று அவர் உருட்டினார். நான்கும் இரண்டும்.

"அப்போ அது போச்சா?"

"இல்லைங்க. உள்ள இருக்கிறது எப்பவோ முடிவாயிடுச்சு. நமக்குத்தான் தெரியல."

அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கே முழுப் பயமும் வந்தது. வகுப்பில் யாராவது கேட்டிருந்தால், நான்கில் மூன்று நல்லதுதானே என்று தைரியம் சொல்லியிருப்பேன். எனக்கோ அந்த ஒன்று மட்டும்தான் கண்ணில் நின்றது.

நீர் எடுத்த பிறகு முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் பள்ளிக்குப் போய்வந்தேன். "இரு பகடைகள் ஒருமுறை உருட்டப்படுகின்றன" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு ஒருநாள் அப்படியே நின்றுவிட்டேன். "டீச்சர், தண்ணி வேணுமா?" என்று முதல் வரிசைப் பெண் கேட்டாள். அன்று மீதி நேரத்தைப் படிக்கச் சொல்லிக் கடத்தினேன்.

மதிய இடைவேளையில் ஆஸ்பத்திரி எண் போனில் ஒளிர்ந்தது. எடுக்கக் கை வரவில்லை. அடித்து ஓய்ந்த பிறகு, படிக்கட்டில் உட்கார்ந்து நானே கூப்பிட்டேன்.

"குழந்தைக்கு நோய் இல்லைம்மா. உங்களை மாதிரியே மறைவா இருக்கு, அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா.

கணவருக்குப் போன் செய்தபோது பின்னால் மெஷின் இரைந்தது. சொன்னேன். இரைச்சல் நின்றது.

"இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். அவர் அழுவதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மகனுக்கு இப்போது இரண்டு வயது. கொழுகொழுவென்று பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதையில் எங்களுக்கு முன்னால் ஓடுகிறான். காய்ச்சல் வந்து சோர்ந்து படுத்தால் மட்டும், காரணமில்லை என்று தெரிந்தும், அவன் கீழ் இமையை விரலால் இழுத்து உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். அவன் என் கையைத் தட்டிவிட்டுச் சிணுங்குகிறான். இன்னொரு கண்ணையும் பார்த்துவிட்டுத்தான் விடுகிறேன்.