எல்லை ஊரிலிருந்து வந்த தறிகள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அம்மாவின் உடையில் ஒரு புது வாசனை ஏறியது. ரப்பரும் முகப்பவுடரும் கலந்த வாசனை. எனக்கு அப்போது ஒன்பது வயது.
2. அந்த வாசனைக்குக் காரணமான எலாஸ்டிக் தறிகள், ஜெர்மனியின் எல்லையோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து மலேசியாவின் ஈப்போ நகருக்கு வந்திருந்தன. அவற்றோடு ஊர்சுலா என்ற பெண்ணும் வந்திருந்தார்.
3. செல்வி அக்காவின் விரல் நுனி போயிற்று.
4. எனக்குப் பதினேழு வயதானபோது அதே தறிகள் வியட்நாமுக்குக் கப்பலேறின.
5. அவற்றோடு அம்மா போனார்.
6. போன ஆண்டு நான் அந்த எல்லை ஊருக்குப் போய் வந்தேன்.

இப்படி எழுதிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததுபோல் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் எங்கள் வீட்டில் எதுவும் ஒழுங்காக இல்லை. லாரி ஓட்டிய அப்பா வாரத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில் இருந்தார். அம்மாவின் ஷிப்டு மாறிக்கொண்டே இருந்தது. நான் பள்ளிப் பையைக் கழற்றாமலே வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து, யார் எப்போது வருவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எலாஸ்டிக் நாடா நெய்வதற்கு மெல்லிய ரப்பர் நூல் வேண்டும். அந்த நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன்மேல் வெள்ளைத் தூள் பூசியிருப்பார்கள். அதனால் அம்மா எங்கள் புந்தோங் பகுதியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது புருவமெல்லாம் நரைத்திருக்கும். "என்ன, மாவு மில்லுக்கா போயிட்டு வார?" என்பார் அப்பா. அம்மாவோடு அதே பஸ்ஸிலிருந்து, அதே நரைத்த புருவத்தோடு, செல்வி அக்காவும் இறங்குவார். இருவரும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். தோட்டம் கைமாறி, பால்மரங்களை வெட்டிச் செம்பனை வைத்தபோது இரண்டு குடும்பங்களும் ஒரே லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு வந்து, ஒரே தெருவில் வீடு பார்த்துக்கொண்டன.

தொழிற்சாலையில் அவர்கள் நெய்தது உள்ளாடைகளின் இடுப்புக்கு வைக்கும் நாடா. தெருமுனையில் மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்திருக்கும் பையன்கள் "ஜட்டி ரப்பர் கிலாங் வருதுடா" என்று கத்துவார்கள். கிலாங் என்றால் மலாயில் தொழிற்சாலை. செல்வி அக்கா நின்று பதில் சொல்லாமல் நகரமாட்டார். "சிரிங்கடா, சிரிங்க. நாங்க ஒரு நாளு லீவு போட்டா உங்க மானமெல்லாம் முட்டிக்குக் கீழ வந்துரும்லா!" கழித்துப்போட்ட நாடாவை, எங்கள் பேச்சில் 'ரிஜெக்ட்'டை, அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். மற்றத் தெருப் பிள்ளைகள் ரப்பர் வளையங்களைக் கோத்துத் தாண்டி விளையாடியபோது நாங்கள் ஏற்றுமதித் தரத்தில் அரைக்கால் குறைந்த நாடாவைத் தாண்டினோம்.

ஊர்சுலாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நெடுநெடுவென்று வளர்ந்தவர். அந்தத் தறிகளைத் தன் ஊரில் பல ஆண்டுகள் ஓட்டியவர். இங்கே பெண்களுக்குப் பழக்கிவிட ஆறு மாதம் அனுப்பியிருந்தார்கள். அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. உச்சி வெயிலில் ஹோட்டலிலிருந்து புந்தோங்குக்கு நடந்தே வருவார். கோயில் வாசல், மளிகைக் கடை, சைக்கிள் கடை என்று எல்லா இடத்திலும் நின்று பார்ப்பார். ஒரே வாரத்தில் செல்வி அக்கா அவர் பெயரை 'ஊர்சுத்தி' ஆக்கிவிட்டார். ஊர்சுலாவுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. பொருளை நான்தான் சொன்னேன். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்குப் பள்ளியில் படித்தது கொஞ்சம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் வீட்டுக்குத் தோசை சாப்பிட வரும்போதெல்லாம் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசும் வேலை எனக்கு.

தன் ஊரைப் பற்றி அவர் சொன்னதை, நாள்காட்டித் தாளின் பின்பக்கம் வரைந்தும் காட்டினார். ஒரு கடைத்தெரு. அதன் கடைசியில் ஒரு சுங்கச்சாவடி. அதற்கு அப்பால் ஹாலந்து. நிலம் சதுப்பு, விளைச்சல் போதாது. அதனால் அந்தக் காலத்து விவசாயிகள் வீட்டுக்கு ஒரு தறி வைத்திருந்தார்கள். பிறகு நீராவி வந்தது, பஞ்சாலைகள் வந்தன, ஊரைச் சுற்றிப் புகைபோக்கிகள் எழுந்தன. காலையில் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் சைக்கிளில் வேலைக்கு வந்து மாலையில் திரும்பிப் போவார்கள். அவர்கள் போதாமல் துருக்கியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஆட்களை அழைத்து வந்தார்கள்.

"ஆள் புடிச்சிட்டு வந்தாங்களா? அங்கயுமா?" என்றார் அம்மா.

அப்பாவுக்கு ஆலைகளில் அக்கறை இல்லை. சரக்கோடு தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார் வரை போய்வருபவர். எல்லை என்றால் அவருக்கு வேறு கேள்விகள் இருந்தன. "லாரியெல்லாம் கியூவுல நிக்குமா? என்னத்தக் கடத்துவாங்க? அரிசியா?"

காப்பி என்றார் ஊர்சுலா. போர் முடிந்த காலத்தில் ஜெர்மனியில் காப்பிக்கு வரி அதிகம், ஹாலந்தில் விலை குறைவு. அவருடைய அப்பா இளைஞராக இருந்தபோது மேலங்கிக்குள் காப்பிக்கொட்டையைக் கட்டிக்கொண்டு, கர்ப்பிணிபோல மெல்ல நடந்து சாவடியைத் தாண்டுவாராம். எழுந்து நடந்தும் காட்டினார். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "காப்பிக்கா இந்தப் பாடு! எங்கிட்டச் சொல்லியிருந்தா ஒரு லோடு அடிச்சிருப்பேன்லா."

அந்தத் தறிகள் பழையவை. பக்கவாட்டில் இரண்டு கறுப்புப் பொத்தான்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு ஜெர்மன் சொல். நிறுத்தும் பொத்தானின் கீழ் ஏ, யூ, எஸ் என்ற மூன்று எழுத்துகள். ஜெர்மன் மொழியில் அதை 'அவுஸ்' என்று படிக்க வேண்டும். அணை, நிறுத்து என்று பொருள். மலாய் மொழியிலும் ஓர் 'அவுஸ்' இருக்கிறது. தேய்ந்து போன டயரை, தேய்ந்து போன பிரேக்கை அப்படித்தான் சொல்வார்கள். நூல் சிக்கி, சுண்டுவிரல் உள்ளே இழுபட்டபோது செல்வி அக்கா பொத்தானைத்தான் தேடினார். தேய்ந்து போன பொத்தான், தொடாதே என்று எழுதியிருப்பதாக நினைத்து, இன்னொன்றை அழுத்தினார்.

"டயரு அவுஸ்னா டயரு போச்சுன்னு அர்த்தம். பொத்தானு அவுஸ்னா பொத்தானு போச்சுன்னு தான நெனப்பேன்?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அவர் கேட்டார். அதில் தவறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. தமிழும் மலாயும் தெரிந்த எவரும் அந்த அவசரத்தில் அதைத்தான் செய்திருப்பார்கள். மறுநாள் ஊர்சுலா கடையில் சிவப்பு நகச்சாயம் வாங்கிப் போய், எல்லாத் தறிகளிலும் நிறுத்தும் பொத்தான்மேல் தன் கையால் பூசினார்.

அவர் ஊர் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு, தொழிற்சாலைப் பெண்கள் சிலர் எங்கள் வீட்டில் கூடினார்கள். செல்வி அக்கா கட்டுப்போட்ட கையோடு தரையில் உட்கார்ந்து என்னைச் சீண்டினார். "கேளுடி. இவ ஆறு மாசமா இங்கயே சுத்திக்கிட்டுக் கெடக்காளே, அங்க இவ வேலைய யாரு பாக்குறா?"

நான் கேட்டேன். ஊர்சுலா தட்டைப் பார்த்தபடி பதில் சொன்னார். அதை அப்படியே தமிழில் சொன்னேன்: "யாரும் பாக்கலயாம். மெஷினெல்லாம் இங்கதான இருக்குன்னு சொல்றாங்க."

வீடே சிரித்தது. "அது சரி! அப்ப இவளும் இங்கயே இருந்துறட்டும், ஒரு மாப்பிள்ளையப் பாத்துருவோம்" என்றார் செல்வி அக்கா. ஊர்சுலாவும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. யாரும் கேட்காமலே ஊர்சுலாவின் தட்டில் இன்னொரு தோசையை வைத்தார்.

எட்டு ஆண்டுகள் கழித்து, தறிகளை வியட்நாமுக்கு அனுப்பப் போவதாகத் தொழிற்சாலையில் சொன்னார்கள். எல்லாருக்கும் வேலை போகிறது. லைன் லீடராக இருந்த அம்மாவை மட்டும் தனியே கூப்பிட்டு, நான்கு மாதம் தறிகளோடு போய் அங்குள்ள பெண்களுக்குப் பழக்கிவிட முடியுமா என்று கேட்டார்கள்.

அந்த இரண்டு வாரமும் அம்மா கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினார். அடுப்பை அணைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து பார்ப்பார். நான் ஒரு தாளில் போவதற்கான காரணங்களையும் போகாமலிருப்பதற்கான காரணங்களையும் இரண்டு பத்தியாக எழுதிக் கொடுத்தேன். அதை மடித்து மேசைக் காலுக்குக் கீழே வைத்தார், மேசை ஆடிக்கொண்டிருந்தது.

போவதென்று முடிவானதும் செல்வி அக்கா வந்தார். உட்காரவில்லை.

"தோட்டத்த வித்தப்ப நம்மள யாராச்சும் கேட்டானா? இப்ப உன்னைய ஒருத்தன் கேட்டுட்டான்னதும் கெளம்பிருவியா? நம்ம சோத்த எடுத்து அவளுங்களுக்கு ஊட்டிவிடப் போறியா?"

"யாராச்சும் சொல்லித்தரணும்லா செல்வி. இல்லாட்டி அந்தப் புள்ளைங்க விரலும் போயிரும்."

செல்வி அக்கா, "என் விரல வெச்சுப் பேசாத" என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பாமல் சொன்னார்: "போயிட்டு வா, கங்காணி."

எங்கள் தாத்தாக்களைத் தமிழ்நாட்டிலிருந்து ஆள்கட்டித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர்களுக்கு அந்தப் பெயர். எங்கள் தெருவில் அதைவிடக் கெட்ட வார்த்தைகள் நிறையப் புழங்கின. ஆனால் அம்மா போய் வாசல் கதவைச் சாத்தியது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

அம்மா போனார், வந்தார். அங்கே இருந்ததைப் பற்றி அதிகம் சொன்னதில்லை. சோறு நன்றாக இருந்தது என்பார், மழை நம் ஊர் மழை மாதிரி இல்லை என்பார். அந்த நான்கு மாதச் சம்பளத்தில்தான் நான் கல்லூரியில் சேர்ந்தேன். மேலே உள்ள வரிசையில் இதையும் எழுதியிருக்க வேண்டும்.

இப்போது பினாங்கில் வேலை செய்கிறேன். ஆலை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டு நிரல் எழுதுவது என் தொழில். போன ஆண்டு பயிற்சிக்காக இரண்டு வாரம் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். ஒரு சனிக்கிழமை, இரண்டு ரயில் மாறி, ஊர்சுலாவின் ஊரில் இறங்கினேன். அந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. சிறிய ஊர், பெயர் போட்டால் யாரென்று தெரிந்துவிடும்.

கடைத்தெரு அவர் வரைந்தபடிதான் இருந்தது. சுங்கச்சாவடியில் ஐஸ்கிரீம் விற்றார்கள். எல்லை என்பது தரையில் பதித்த ஒரு கல் வரிசை. சைக்கிளில் வந்த பிள்ளைகள் மிதியை நிறுத்தாமல் அதைத் தாண்டிப் போனார்கள். பெரிய பஞ்சாலை அடுக்குமாடி வீடுகளாகியிருந்தது. ஒரு புகைபோக்கியை மட்டும் இடிக்காமல் விட்டு, அதன் உச்சியில் கைப்பேசி ஆண்டெனா மாட்டியிருந்தார்கள். ஊரில் இப்போது நெய்வது எதுவும் இல்லை. ஊர் எல்லையை வைத்துப் பிழைக்கிறது: பெட்ரோல் நிலையத்தில் ஹாலந்து எண் தகடு மாட்டிய கார்கள் வரிசையாக நின்றன, ஊருக்கு வெளியே பொதிகள் அனுப்பும் கிடங்குகள், காப்பி வாங்க மட்டும் ஜெர்மன்காரர்கள் இன்றும் அந்தப் பக்கம் போகிறார்கள், மேலங்கிக்குள் மறைக்காமல்.

ஊர்சுலாவின் முகவரி என்னிடம் இல்லை. ஒரு ரொட்டிக் கடையில் எழுபது வயது மதிக்கத்தக்க பெண் நின்றிருந்தார். என் அரைகுறை ஜெர்மனில், எலாஸ்டிக் ஆலையில் வேலை செய்த ஊர்சுலாவைத் தெரியுமா என்று கேட்டேன். அவர் ரொட்டி அறுப்பதை நிறுத்தவில்லை.

"நானும் அங்கேதான் வேலை செய்தேன்" என்றார். "யாரைக் கேட்கிறாய்? இயந்திரங்களோடு போனவளையா?"

ஆமாம் என்றேன்.

"அவள் இங்கே வாங்குவதில்லை. ரொட்டிக்கு அந்தப் பக்கம் போகிறாள்." கத்தி முனையால் ஹாலந்து இருந்த திசையைக் காட்டிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்.

ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. கடைத்தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன். கல் வரிசைக்கு அப்பாலிருந்து ரொட்டிப் பையோடு வந்த உயரமான பெண்கள் எல்லாரையும் உற்றுப் பார்த்தேன். அவர் வரவில்லை. அல்லது வந்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே பீன்ஸ் நறுக்கினார். "எத்தன வருசமாச்சு! இன்னமுமா?" என்றார். பிறகு, "நடந்தா போறா, பஸ்ஸுலயா?" என்று கேட்டார். நடக்கும் தூரம்தான் என்றேன். "அப்ப பரவால்ல" என்றார்.

நிலவரம் இது. தொழிற்சாலைக் கட்டடத்தில் இப்போது சாமான் கிடங்கு வைத்திருக்கிறார்கள். வியட்நாமுக்குப் போன தறிகள் அங்கேயே இருக்கின்றனவா, வேறெங்கும் போய்விட்டனவா, தெரியாது. செல்வி அக்கா புந்தோங் சந்தையில் காய்கறிக் கடை போட்டிருக்கிறார்; எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. அம்மா காய்கறி வாங்க பஸ் ஏறி மெங்லெம்புவுக்குப் போகிறார்.