பூத்துக்காரரைப் பற்றி ஒரு விசாரணை

கம்பத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பற்றித் துப்புத் தெரிய வேண்டுமென்றால் அப்போதெல்லாம் சொந்தக்காரர்களிடம் யாரும் கேட்க மாட்டார்கள். சொந்தக்காரன் ஒன்று ஆகா ஓகோ என்பான், இல்லாவிட்டால் பழைய பகையை மனதில் வைத்துக்கொண்டு போட்டுக் கொடுப்பான். அதனால் பெண் வீட்டார் மாப்பிள்ளை தெருவின் டீக்கடையில் கேட்பார்கள், சலூனில் கேட்பார்கள். டெலிபோன் பரவிய பிறகு எஸ்.டி.டி. பூத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். இதற்கு நேரில்கூட வர வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே போன் போட்டு, "உங்க தெருவுல இன்னார் மகன் எப்படி?" என்று கேட்டுவிடலாம். பூத்துக்காரனுக்குத் தெரியாத சங்கதி ஒரு தெருவில் இருக்க முடியுமா என்ன?

ரியாசுதீன் அப்படி ஒரு பூத்துக்காரன். அவனிடம் விசாரித்துவிட்டுத்தான் அந்தத் தெருவில் பாதிக் கல்யாணம் முடிவானது. அவனுக்கென்று ஒரு கொள்கை இருந்தது. கண்ணால் பார்த்ததைச் சொல்வான், போனில் காதில் விழுந்ததைச் சொல்ல மாட்டான். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசுகிறவர்கள், சவுதி தூரத்தில் இருக்கிறது என்பதற்காக உயிர் போகக் கத்துவார்கள். வெளியே இருப்பவனுக்கு எல்லாமே கேட்கும். கேட்டதை அங்கேயே விட்டுவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பான்.

அவன் பூத்துக்காரன் ஆனதே ஒரு கதை. சிறு வயதில் வந்த போலியோ இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. படிப்பில் கெட்டிக்காரன். பிளஸ் டூ முடித்தான், டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் தேறினான். ஆனால் டைப் அடிக்கத் தெரிந்தவனுக்கு வேலை கொடுக்க ஊரில் ஆள் இல்லை. அரசாங்கச் சலுகை ஏதாவது கேட்கலாமென்றால் மதுரையில் மாவட்ட ஆபீஸுக்குப் போக வேண்டும். காலை பஸ்ஸில் கிளம்பி, ஜன்னலுக்கு ஜன்னல் அலைந்து, "சார் லீவு" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்புவான். தேனி தனி மாவட்டமானதும் அலுவலகம் பக்கத்தில் வந்தது. அடையாள அட்டை கிடைத்தது, காலுக்கு முட்டுக்கொடுக்கும் புது இரும்புக் காலிப்பர் கிடைத்தது, ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் பூத்தும் கிடைத்தது. 'மாற்றுத்திறனாளி' என்ற நல்ல வார்த்தையெல்லாம் அப்போது வந்திருக்கவில்லை. அது வந்திராவிட்டால் என்ன, பூத் வந்ததே பெரிய காரியம் என்று அவன் அம்மா ஜன்னத்துல் பிர்தௌஸ் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ரியாசுதீன் காட்டில் மழைதான். புருஷனை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் பெண்கள், பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். சுருளிப்பட்டி திராட்சை வியாபாரி சுருளிராஜன் தினமும் வந்து எர்ணாகுளத்துக்குப் பேசுவார். பாதி தமிழ், பாதி மலையாளம், கோபம் வந்தால் முழுத் தமிழ். வெளியூரிலிருந்து தெருக்காரர்களுக்கு வரும் அழைப்புகளும் இதே நம்பருக்குத்தான். ரியாசுதீன் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால், அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார்கள்.

ஒரு நாள் சுருளிராஜன் கையில் செல்போனோடு வந்து நின்றார். பேசுவதற்கு வரவில்லை, காட்டுவதற்கு வந்திருந்தார். பூத்துக்குள் சிக்னல் கிடைக்காமல் ரோட்டுக்கு ஓடி, அங்கே நின்று எர்ணாகுளத்தைத் திட்டினார். தெருவே சிரித்தது. ரியாசுதீன் மட்டும் சிரிக்கவில்லை. இன்றைக்கு ரோட்டுக்கு ஓடுகிறவர் நாளைக்கு ஏன் பூத்துக்கு வரப் போகிறார்? தேனியில் ஊனமுற்றோருக்கு இலவசக் கம்ப்யூட்டர் பயிற்சி என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தான். அவன் வகுப்புக்குப் போகும் நேரத்தில் அம்மா பூத்தில் உட்கார்ந்தாள். வியாபாரம் அவளுக்குத் தெரியாது, ஊருக்கு உபகாரம்தான் தெரியும். "ஏத்தா, அழுகுறதை வீட்டுல போயி அழுவு. மீட்டர் ஓடுதுல்ல?" என்று கூண்டுக் கதவைத் திறந்து சொல்லிவிடுவாள்.

இந்த நேரத்தில்தான் தரகர் ஷேக் மைதீன் ஒரு போட்டோவோடு வந்தார். பெண் உத்தமபாளையம், பெயர் ரெஹானா. பி.காம். படித்துவிட்டு அங்கே ஒரு பயிற்சி மையத்தில் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறாள். அதற்கு முன்பு வந்த சம்பந்தங்களெல்லாம் காலைப் பற்றிக் கேட்டதும் வாசலோடு திரும்பிப் போயிருந்தன. ரியாசுதீனும் கல்யாணம் வேண்டாம் என்று வீம்பாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்தப் போட்டோவில் ரெஹானா சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். படம் எடுத்தவர் ஏதோ சொல்லியிருக்கிறார். அது என்னவாக இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அன்றோடு வீம்பு போன இடம் தெரியவில்லை. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் இனி யாரையும் பார்ப்பதில்லை என்று அம்மாவிடம் வாய்விட்டே சொல்லிவிட்டான்.

"அவுக வீட்டுல விசாரிப்பாக. நல்லபடியாச் சொல்லணும்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சுட்டேன்" என்றாள் அம்மா. டீக்கடை, சலூன், மளிகைக்கடை, ஒன்றையும் அவள் விடவில்லை. பூத்தில் சொல்லி வைக்க மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. மகன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் போய் எதைச் சொல்வாள்?

பிறகு ஒரு சாயங்காலம் பூத்தில் மணி அடித்தது. கூட்டம் இல்லாத நேரம். ரியாசுதீன் எடுத்தான்.

"பாய், எரட்டுப்பேட்டையில இருந்து பேசுறேன். பேரு நௌஷாத். உத்தமபாளையத்துல என் அக்கா மக ரெஹானாவுக்கு மாப்பிள்ளை பாக்குறோம். உங்க தெருவுல ரியாசுதீன்னு ஒரு பையன், டெலிபோன் டிபார்ட்மெண்டுல வேலையாம். ஆளு எப்படி? மறைக்காமச் சொல்லணும், கேட்டோ."

கேரளாவில் இருக்கும் மனிதர், விவரம் தெரியாமல் மாப்பிள்ளையிடமே மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்கிறார். போதாததற்கு, ஷேக் மைதீன் பூத்தை டிபார்ட்மெண்ட் ஆக்கிவிட்டிருக்கிறார்! 'தங்கமான பையன்' என்று இரண்டே வார்த்தை சொன்னால் போதும், ரெஹானா இந்த வீட்டுக்கு வந்துவிடுவாள். சொல்வதற்கு வாயையும் திறந்துவிட்டான். ஆனால் இதே ரிசீவரைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பெண் வீட்டாருக்கு உள்ளதை உள்ளபடி சொன்னவன் அவன். ஊரான் பிள்ளைக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயமா?

"டிபார்ட்மெண்டு வேலை இல்லங்க. எஸ்.டி.டி. பூத்து வச்சிருக்கான்."

"என்னது, பூத்தா? சரி. காலு லேசா நொண்டுமுன்னு தரகரு சொன்னாரு."

"லேசா இல்லங்க. காலிப்பர் போட்டாத்தான் நடக்க முடியும். மாடிப்படின்னா கைப்பிடி வேணும்."

"படச்சோனே! இப்ப எல்லாரும் செல்லு வாங்குறாகளே, பூத்து ஓடுமா?"

"ரொம்ப நாளைக்கு ஓடாது. அது தெரிஞ்சுதான் தேனிக்குப் போயிக் கம்ப்யூட்டர் படிக்கிறான். படிச்சதும் வேலை கிடைக்குமுன்னு உறுதியாச் சொல்ல முடியாது."

"என்னா பாய், நல்லதா ஒண்ணாச்சும் சொல்லுங்க!"

ரியாசுதீன் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டான். மற்றவர்களைப் பற்றிக் கேட்டால் மளமளவென்று வரும் நல்ல வார்த்தை, தன்னைப் பற்றி என்றதும் ஒன்றுகூட வர மறுத்தது.

"சிகரெட்டு குடிக்க மாட்டான்" என்றான் கடைசியில்.

"பூத்து எங்கன இருக்கு?"

"இந்தத் தெருவுல இருக்கதே ஒரு பூத்துதாங்க."

"அப்ப நீங்க..." என்று நௌஷாத் இழுத்தார்.

"நான்தான் ரியாசுதீன்."

போன் வைக்கப்பட்டது.

மறுநாளே ஷேக் மைதீன் வந்து குதித்தார். "ஏலே, உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டயே! நான் பொய்யா சொன்னேன்? பூத்துக்குள்ள இருக்கது டெலிபோன் இல்லாம என்னா?" அம்மா அவரோடு சேர்ந்து திட்டினாள், அவர் போன பிறகு தனியாகவும் திட்டினாள். அப்புறம் ஓய்ந்துபோய், "நீ சொன்னது சரிதான்லே. ஆனா எனக்கு வயிறு எரியுதே" என்று அவன் தலையைத் தடவினாள். போட்டோவைத் தரகரிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். தேடினேன், காணவில்லை என்றான். அது அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. மாப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதில் அவன் நாணயத்துக்குக் குறைவில்லை. போட்டோ விஷயத்தில் கொஞ்சம் முன்னே பின்னே.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து பூத்தைத் திறந்தான். அம்மாவும் சாப்பாட்டோடு வந்திருந்தாள். மணி அடித்தது. கூண்டுக்குள் உட்கார்ந்து எடுத்தான், பெண் குரல்.

"எங்க மாமு நௌஷாத்து எரட்டுப்பேட்டையில இருந்து உங்களுக்குப் போன் பண்ணுனாகளாம். பாதியிலயே வச்சுட்டாக. விசாரணை முடியல. மீதியை நான் கேக்கலாமா?"

ரியாசுதீன் எழுந்து நின்றுவிட்டான். காலிப்பர் போட்ட கால் அவ்வளவு வேகமாக எழுந்ததை அம்மா அதற்கு முன்பு பார்த்ததில்லை.

"நீங்க..."

"பொண்ணுதான். ஆனா எனக்கு மாப்பிள்ளைகிட்டப் பேச வேணாம். அவுக பெருமையடிச்சாலும் அடிப்பாக. பூத்துக்காரர்தான் உள்ளதைச் சொல்றாராம். அவரு இருக்காரா?"

"இருக்காருங்க" என்றான் ரியாசுதீன். "மாப்பிள்ளை இங்கன இல்ல."

"அப்பச் சரி. அவுகளுக்குக் கோவம் வருமா?"

"வருங்க. யாராச்சும் பேசி முடிச்சுட்டு ரிசீவரைப் படார்னு போட்டா வரும். அப்பறம் அவனே எடுத்துத் தொடச்சு வச்சுருவான்."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. போட்டோவில் பார்த்தது இதுதான் என்று அவனுக்குப் புரிந்தது.

"என்னையப் பாக்க வந்தவுக எல்லாம், கல்யாணத்துக்குப் பெறகு சென்டருக்குப் போகக் கூடாதுன்னாக" என்றாள் ரெஹானா. இப்போது குரலில் விளையாட்டு இல்லை. "எங்க சென்டருக்குப் பெரிய பெரிய பொம்பளைக எல்லாம் வர்றாக. அவுக பேரை அவுகளே டைப் பண்ணி ஸ்கிரீன்ல பாக்குறப்ப அவுக மூஞ்சியை நீங்க பாக்கணும். அதை விட்டுட்டு என்னால வர முடியாது. அவுக என்னா சொல்லுவாக?"

மதுரை ஆபீஸ் ஜன்னல்களெல்லாம் ஒரு நிமிஷம் ரியாசுதீன் கண்ணுக்கு முன்னால் வந்து போயின.

"போகாதேன்னு அவனுக்குச் சொல்ல வராதுங்க" என்றான். "படிச்சுட்டு, வேலைக்குப் போக வழியில்லாம வீட்டுக்குள்ள உக்காந்திருந்தா எப்படி இருக்குமுன்னு அவன் பாத்தவன். அதை இன்னொருத்தருக்கு அவன் செய்ய மாட்டான். இது நான் கண்ணால பாத்தது."

அம்மா கூண்டுக் கதவைத் திறந்து ஏதோ சொல்ல வந்தாள். மகன் முகத்தைப் பார்த்துவிட்டு, சத்தம் காட்டாமல் மூடிக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றாள் ரெஹானா. "அவுக கம்ப்யூட்டர் படிக்கிறதா நீங்க சொன்னீகளாமே. எக்ஸெல் தெரியுமா?"

"பாதி தெரியும்" என்றான் அவன்.

"மீதிப் பாதியை நான் சொல்லிக் குடுப்பேன்னு அவுககிட்டச் சொல்லிருங்க."

நௌஷாத் மாமுதான் முதல் ஆளாக நிக்காஹுக்கு வந்தார். இந்தச் சம்பந்தம் முழுக்கத் தன்னால்தான் அமைந்தது என்று ஷேக் மைதீன் பந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருஷத்தில் தெருவில் எல்லார் கையிலும் செல்போன் வந்தது, ரியாசுதீன் சொன்னபடியே பூத்தும் போனது. அதே இடத்தில் கம்ப்யூட்டர்கள் வந்து உட்கார்ந்தன. பிள்ளைகளின் பரீட்சை ரிசல்ட், ரயில் டிக்கெட், விண்ணப்பம் டைப் செய்வது என்று அவன் கை ஓயவில்லை. ரெஹானா உத்தமபாளையம் சென்டருக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். சாயங்காலம் இறங்கியதும் நேரே கடைக்கு வந்து, அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பாடம் நடத்துவாள். ஊருக்கே கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறேன், இந்த மனுஷனுக்கு மட்டும் எக்ஸெல்லில் மீதிப் பாதி இன்றைக்கு வரைக்கும் ஏறவில்லை என்று 2010-லும் அவள் அலுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் எப்போதோ ஏறிவிட்டது. ஏறிவிட்டது என்று சொன்னால், சாயங்காலம் அந்த ஸ்டூலில் அவள் எதற்கு வந்து உட்காரப் போகிறாள்?