வலைக்குப் பதில் பிலிம்: தென்னேரியில் இரண்டு சைலேஜ் கட்டுகளைப் பிரித்துப் பார்த்த கதை

இந்தப் பக்கத்தில் இதுவரை கோயில்களுக்குப் போய்வந்ததைத்தான் எழுதியிருக்கிறேன். மாட்டுத் தீவனம் பார்க்கப் போனதெல்லாம் பயணக் கட்டுரையாகுமா என்ற தயக்கம் இன்னும் போகவில்லை. ஆனாலும் நாலு மாடு வைத்திருப்பவர் யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

திருப்புட்குழிக்குப் பக்கத்தில் என் மனைவி சரோஜா ஆறு மாடுகள் வைத்திருந்தாள். கோடையில் எங்களுக்குச் சைலேஜ்தான். மக்காச்சோளத்தைக் கதிரோடு நறுக்கி, உருளையாக அழுத்தி, வலை சுற்றி, அதன்மேல் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் பிலிம் சுற்றிப் புளிக்க வைத்த தீவனம். மாசியில் ஒரு மாடு தின்னாமல் கிடந்து செத்தது. வயிற்றைத் திறந்த மருத்துவர், பந்தாகச் சுருண்ட வலையை எடுத்துக் காட்டினார். கட்டைப் பிரிக்கும்போது தீவனத்தில் ஒட்டிக்கொண்ட இழைகள். நாங்கள் கவனிக்கவில்லை.

"இனிமே கட்டு இந்த வாசப்படி ஏறக் கூடாது" என்றாள் சரோஜா. பசுந்தீவனத்துக்கு வழியில்லை. மிச்சம் ஐந்தையும் விற்றுவிட முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை வரும்படி தரகரிடம் சொல்லிவிட்டாள். தென்னேரியில் ஒருவர் வலையே இல்லாமல், உள்சுற்றுக்கும் பிலிமே போட்டுக் கட்டுகிறார் என்று வெள்ளிக்கிழமைதான் கேள்விப்பட்டேன். சனிக்கிழமை காலை கிளம்பினேன்.

ஏழு மணிக்குப் பேருந்து, அரை மணியில் காஞ்சிபுரம். அங்கிருந்து வாலாஜாபாத் வழியாகத் தென்னேரி ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். மாறி மாறி ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்காது. போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட ஆட்டோவுக்குத் தொள்ளாயிரம் என்றார்கள், ஒப்புக்கொண்டேன். பேரம் பேசியிருக்கலாம், எனக்கு வராது.

"கோயிலுக்கா சார்?" என்றார் ஓட்டுநர் ஜமால்.

"இல்லை. சைலேஜ் பார்க்க."

"அது எந்தப் பக்கம் சார் இருக்குது?"

விளக்கினேன். முத்தியால்பேட்டை தாண்டும் வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

ஏரிக்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகை. இயந்திரத்தின் சொந்தக்காரர் எஸ்தருக்கு நாற்பது வயதிருக்கும். நிலம் கிடையாது, சோளத்தை வயலிலேயே விலை பேசி வாங்கி, நறுக்கிக் கட்டி விற்கிறார். இயந்திரத்துக்குள் தீவனம் உருண்டு இறுகியதும், முன்பு வலை வந்த இடத்தில் வெள்ளைப் பிலிம் இழுபட்டு வந்து நாலு சுற்றுச் சுற்றியது. கட்டு வெளியே வந்ததும் மேலே பச்சைப் பிலிம்.

"தறிக்குப் பாவு நூல் சுத்தற மாதிரியே இருக்குதும்மா" என்றார் ஜமால்.

கட்டும்போது அழகாகத்தான் இருந்தது. வலையும் கட்டும்போது அழகாகத்தான் இருக்கும். நான் பார்க்க வேண்டியது பிரிக்கும்போது. ஆனால் பிரித்த கட்டு காற்றுப் பட்டுக் கெடத் தொடங்கிவிடும், விற்க முடியாது. எப்படிக் கேட்பது? மூன்று முறை வாயெடுத்து, மழை எப்படி என்று கேட்டேன்.

"சார் ஏதோ முழுங்கிக்கினே இருக்கறாரு. இன்னா வேணும் சார்?" என்றார் எஸ்தர்.

சொன்னேன்.

"பிரிங்க. காசு குடுத்து நீங்கதான் எடுத்துக்கினு போவணும்."

எழுபது கிலோ கட்டு, அறுநூற்று ஐம்பது ரூபாய். வலைக் கட்டைவிட ஐம்பது அதிகம். ஒரு மாதம் புளித்த கட்டாகப் பார்த்து, வீட்டில் செய்வதுபோலவே கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக அறுத்துப் பிலிமை உரித்தேன். பிறகு தார்ப்பாயில் தீவனத்தைக் கொட்டி, கைப்பிடி கைப்பிடியாகத் தேடினேன்.

"கல்யாணத்துக்கு அரிசி பொறுக்கறாரா?" என்றார் எஸ்தர். ஜமால் பீடி வாங்கப் போய்விட்டார்.

பாதியில் கிடைத்தது. விரல் நகத்தளவு வெள்ளைத் துண்டு.

எஸ்தரின் முகம் மாறியது. "மெஷின்ல கிழியாதே சார்... சோளத்தட்டை குத்திச்சா?"

கிளம்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எழுந்து போக எனக்கு மனம் வராது. உரித்த பிலிமைத் தரையில் விரித்து, கிழிந்த ஓரங்களை ஒன்றோடொன்று சேர்த்தேன். எல்லாம் பொருந்தின. ஒரே ஓர் இடத்தில் சின்ன ஓட்டை: என் இரண்டு வெட்டும் சந்தித்த இடம். துண்டை அங்கே வைத்தேன். சரியாக உட்கார்ந்தது.

"நான் அறுத்ததுதான்" என்றேன்.

எஸ்தருக்கு உயிர் வந்தது. "குறுக்கும் நெடுக்குமா யாரு சார் அறுக்கச் சொன்னது? இது இன்னா தர்பூசணியா?"

"இன்னொன்று பிரிக்கலாமா?" இம்முறை மழையைப் பற்றிக் கேட்கவில்லை.

"அதுக்கும் காசு!"

ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே நேர்வெட்டு. வாழைப்பட்டை உரிவதுபோலப் பிலிம் முழுசாக வந்தது. எழுபது கிலோவையும் அளைந்தேன், ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒன்றுமில்லை. திரும்பி வந்திருந்த ஜமால் பிலிமைச் சுருட்டிக்கொண்டார். "எங்க மச்சான் பழைய பிளாஸ்டிக் எடுக்கறாரு சார். வலை கலந்தா வேணாம்பாரு. இத்த எடுத்துக்குவாரு."

தீவனத்தை நாலு கோணியில் அடைத்து ஆட்டோவில் ஏற்றினோம். திருப்புட்குழி வரை வர முந்நூறு கூடுதல். சின்ன காஞ்சிபுரத்தில் சாலையோரமிருந்த பசு ஒன்று எங்கள் பின்னால் நடந்து வந்தது. புளித்த வாசனைக்குத்தான்.

போகிறவர்களுக்கு: முன்பே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள், எல்லா நாளும் இயந்திரம் ஓடாது. கட்டுகளை இறக்கும்போது கொக்கி போட விடாதீர்கள், பிலிம் கிழியும். காக்கை, எலி போட்ட ஓட்டையை அன்றே ஒட்டுங்கள். பூஞ்சணம் பிடித்த பகுதியை மாட்டுக்குப் போடாதீர்கள். கூர்மையான கத்தி, ஒரே வெட்டு. உரித்த பிலிமை விரித்துப் பாருங்கள். முழுசாக இருந்தால் தீவனத்தில் எதுவும் இல்லை. வலையில் இப்படிச் சரிபார்க்க வழியே கிடையாது. பிலிம் கட்டை நான் நம்பிப் பரிந்துரைக்கிறேன்.

வீட்டில் சரோஜாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் ஒரு கோணியை முற்றத்தில் கவிழ்த்து, உட்கார்ந்து, கைப்பிடி கைப்பிடியாகத் தேடத் தொடங்கினாள். நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்று சொல்ல வந்து, எதிரில் உட்கார்ந்து நானும் தேடினேன். அடுத்த கோணி. அதற்கடுத்தது. நான்காவதை அவள் கவிழ்க்கவில்லை. அப்படியே தூக்கிப்போய்த் தொட்டியில் கொட்டினாள்.

மாடுகள் தலை நிமிராமல் தின்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு தரகருக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கு வர வேணாம்ண்ணா."