காளியண்ணன் காதில் விழுந்தவை

காளியண்ணன் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் தாமான் குடியிருப்பில், தம் வீட்டு வாசலில் நின்று அவர் கைப்பேசியில் பேசினால் பின்வரிசை வீடுகளுக்கும் விஷயம் போய்விடும். மகள் தனேஸ்வரிக்கு புஞ்சாக் ஆலாமில் வேலை கிடைத்த செய்தியைத் தாமான் அப்படித்தான் அறிந்தது. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டால் நிர்வாகத்தார் பதறமாட்டார்கள். காளியண்ணனைக் கூப்பிடுவார்கள்.

செம்பனை ஆலையில் கொதிகலன் பக்கத்தில் வளர்ந்த குரல் அது. மீசை முளைத்த வயதில் ஆலைக்குள் போனவர் ஓய்வு பெறும்வரை வேறு வேலை பார்க்கவில்லை. நீராவி சீறும். பழக்குலை ஏற்றிய கூண்டுகள் தண்டவாளத்தில் ஒன்றோடொன்று மோதும். அங்கே பேச்சு என்றாலே கத்தல்தான். காதில் செருகிக்கொள்ளக் கொடுத்த ரப்பர் அடைப்பான்கள் பெரும்பாலும் அவருடைய சட்டைப்பையில்தான் இருக்கும். "இத மாட்டிக்கிட்டா மண்டோர் கூப்புடறது எப்படிலா கேக்கும்?" என்பார், மேற்பார்வைக்காரரைக் காட்டி.

ஓய்வுக்குப் பிறகு ஒரு வேன் வாங்கித் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். நேரம் தவறாத மனிதர். வேனும் சுத்தமாக இருக்கும். ஒரே ஒரு குறை, வானொலியை உச்சத்தில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுவார். வீட்டில் தொலைக்காட்சியும் அப்படித்தான். மனைவி அம்சவள்ளி எதையாவது சொன்னால் "என்னா?" என்பார். இரண்டாம் தடவையும் "என்னா?" என்பார். மூன்றாம் தடவை அம்சவள்ளி சொல்லமாட்டார். கையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். காளியண்ணனுக்குத் தம் காதின் மேல் சந்தேகமே வரவில்லை. "இந்தக் காலத்துல எவனும் வாயத் தொறந்து பேசறதில்ல. எல்லாம் முணுமுணுப்பு" என்று ஊரின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்.

அந்த நிம்மதி ஒரு மத்தியானம் போனது.

மோகனா என்பவரின் மகள் முதலாம் வகுப்புக்காரி. பள்ளி முடிந்து வரும்போது அவளுக்கு வேனில் வயிற்றைப் புரட்டியது. பின்னால் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும், "அங்கிள், நிப்பாட்டுங்க! அங்கிள்!" என்று கத்தினார்கள். வேன் நிற்கவில்லை. மோகனாவின் வீட்டு வாசலில் காளியண்ணன் இறங்கிக் கதவை இழுத்துத் திறந்தபோது, குழந்தை சீருடை முழுக்க வாந்தியோடு தேம்பிக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் ஒரு மூலையில் ஒண்டிக்கிடந்தார்கள்.

மோகனா ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அன்று வீட்டில் இருந்தார். ஓடிவந்து குழந்தையைத் தூக்கினார்.

"அண்ணே, பிள்ளைங்க கத்தியிருக்குங்களே. உங்களுக்குக் கேக்கலையா?"

"யாரும் கூப்புடலயேம்மா."

"கூப்ட்டோம் அங்கிள்," என்றாள் பெரிய பிள்ளை ஒருத்தி. "எல்லாரும் கூப்ட்டோம்."

காளியண்ணன் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தார். அவற்றில் பொய் இல்லை. கோபமும் இல்லை. பயம்தான் இருந்தது.

மோகனா குரலை உயர்த்தவில்லை. அவருக்குக் கேட்கும்படி முகத்துக்கு நேராக நின்று சொன்னார். "இன்னிக்கி வாந்தியோட போச்சு. நாளைக்கு கதவு தொறந்துக்கிச்சின்னா? முதல்ல காதக் காட்டிட்டு வாங்கண்ணே. அதுவரைக்கும் என் பிள்ளைய நானே மோட்டார் சைக்கிள்ல ஏத்திக்கிட்டுப் போறேன்."

வீட்டுக்கு வந்த காளியண்ணன் வேனைக் கழுவினார். கழுவி முடித்த பிறகும் மறுபடி கழுவினார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "காதுக்கு எங்க போய் காட்டணும்?" என்றார். பல வருடமாகக் காதைக் காட்டச் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தவள் தனேஸ்வரி. இப்போது "ஏன், என்ன ஆச்சு?" என்று கூடக் கேட்கவில்லை. அடுத்த வாரத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாள். வேனைத் தற்காலிகமாகத் தங்கை மகன் லிங்கேஸ்வரனிடம் கொடுத்துவிட்டு அப்பாவும் மகளும் கிளம்பினார்கள்.

மருத்துவமனையில் சின்னக் கண்ணாடி அறைக்குள் அவரை உட்காரவைத்துக் காதில் காதொலிப்பானை மாட்டினாள் ஒரு மலாய்க்காரப் பெண். "பாக்சிக், சத்தம் கேட்டால் இந்தப் பித்தானை அழுத்துங்கள். ரொம்பச் சின்னச் சத்தமாக இருந்தாலும் அழுத்துங்கள்" என்று, மலாயில் மாமா முறை வைத்து அழைத்துச் சொல்லிவிட்டு வெளியே போனாள். தொடக்கத்தில் சில சத்தங்கள் கேட்டன. காளியண்ணன் உற்சாகமாக அழுத்தினார். அப்புறம் ஒன்றும் இல்லை. பித்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கதவைத் திறந்து உள்ளே வந்தாள்.

"இன்னும் ஆரம்பிக்கவில்லையா?" என்று கேட்டார் காளியண்ணன்.

"முடிந்துவிட்டது, பாக்சிக்" என்றாள் அவள்.

திரும்பி வரும் வழியில், கண்ணாடி அறையின் அமைதியில் எத்தனை சத்தங்கள் தம்மைக் கடந்து போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

ஆலை வேலையால் வந்த குறை என்பதால் தொழிலாளர் காப்புறுதி அமைப்பான சொக்சோ மூலமாகக் காது மெஷின் கிடைத்தது. காதுக்குப் பின்னால் உட்காரும் பயற்றங்காய் விதை போன்ற ஒன்று. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய். மாட்டிவிட்டுச் சரிபார்த்த அதே பெண், "உங்கள் காது ரொம்ப நாள் விடுமுறையில் இருந்தது. உடனே வேலைக்கு வா என்றால் முரண்டு பிடிக்கும். பெலான்-பெலான், மெதுவாக. முதலில் வீட்டில் சத்தம் குறைந்த இடத்தில், ஒரு மணி நேரம் மட்டும்" என்றாள்.

காளியண்ணன் எந்த வேலையையும் பெலான்-பெலானாகச் செய்தவர் இல்லை. மாட்டியது மாட்டியபடியே கிளம்பினார். மகளின் காரில் ஏறிய கொஞ்ச நேரத்தில், "காடியில என்னமோ பழுது. டக்கு டக்குனு அடிக்குது பாரு" என்றார்.

"சிக்னல்ப்பா."

"எல்லாக் காடியிலயும் இப்படியா அடிக்கும்?"

"நம்ம வேன்லயும் அடிக்கும்."

அவர் நம்பவில்லை. மகள் மறுபடி சிக்னலைப் போட்டு அணைத்துக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்தால், உலகமே அவர்மேல் கோபமாக இருந்தது. பிளாஸ்டிக் பையைப் பிரித்தால் தகரம் கிழிவது போல இருந்தது. பின்வீட்டு நாய் அவர் மடியில் நின்று குரைத்தது. முறுக்கைக் கடித்தார், மண்டைக்குள் கல் உடைத்தார்கள். கழிவறையில் தண்ணீர் விட்டுவிட்டு வெளியே ஓடிவந்தார். சாயங்காலத்துக்குள் மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்து அலமாரிக்குள் தள்ளிவிட்டார். "இவ்ளோ சத்தத்துல மனுசன் எப்படி வாழறான்? ஆலையே தேவலாம்!"

அம்சவள்ளி பாத்திரம் கழுவியபடி ஏதோ சொன்னார். அது அவருக்குக் கேட்கவில்லை.

சில நாள் கழித்து லிங்கேஸ்வரன் வந்தான். "மாமா, பிள்ளைங்க நீங்க எப்ப வருவீங்கன்னு கேக்குதுங்க. என்னாலயும் ரொம்ப நாளைக்கு ஓட்ட முடியாது" என்றான். அன்று இரவு உணவின்போது காளியண்ணன் முடிவு செய்துவிட்டார். கொதிகலனையே வசக்கியவர், ஒரு விதை அளவு மெஷினிடம் தோற்பதா?

காலைப் பசியாறல் முடிந்ததும் அடுப்படிதான் வீட்டில் அமைதியான இடம். மெஷினை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டு மறைத்தபடி அங்கே போய் உட்கார்ந்தார். பார்த்தால் அம்சவள்ளி, "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று நச்சரிப்பார் என்ற பயம். கையில் தினசரியை விரித்துக்கொண்டார். தாளின் சரசரப்பைத் தாங்கமுடியாமல் மடித்து வைத்தார்.

முதலில் குழாய் சொட்டுவது கேட்டது. அது சொட்டுகிறது என்பதே அவருக்குத் தெரியாது. பிறகு கீரையை நறுக்கும் நறநறப்பு. பலகையில் கத்தி தட்டி நிற்கும் ஓசை. எண்ணெயில் கடுகு விழுந்தது. கடுகு பொரிவதைக் கண்ணால் மட்டுமே பார்த்து அவருக்கு எத்தனை காலம் ஆகியிருந்தது! ஒவ்வொரு கடுகும் தனித்தனியாக வெடித்தது. அவர் அறியாமலே முன்னால் குனிந்தார்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. தாழ்ந்த, அவசரமில்லாத குரல். அம்சவள்ளி வாணலியைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார்.

"...பாசார்ல காளாஞ்சி மீனு நல்லா இருந்துச்சி, செல்லையா கடையில. வாங்கலாம்னு பாத்தேன், பை கனமாயிருச்சி. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா மகளுக்கு நிச்சயம் ஆயிருச்சாம். பலகாரம் குடுத்துவிட்டாங்க. உங்களுக்குப் பிடிக்கும்னு ரெண்டு எடுத்து வச்சிருக்கேன். கேக்கவா போறீங்க. மெஷினு வாங்கி அலமாரிக்குப் போட்டாச்சி, அலமாரிக்கு நல்லா கேக்கும். வாசல்ல அந்த மல்லிச்செடி மூனு மொட்டு விட்டிருக்கு..."

முதலில் காளியண்ணன், யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பின்கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. அம்சவள்ளி பேசியது அவரோடுதான். பதிலுக்காக நிற்காமல், ஒரு செய்தியிலிருந்து இன்னொரு செய்திக்குப் போய்க்கொண்டே இருந்த பேச்சு. பதில் வராது என்று என்றைக்கோ முடிவு செய்துவிட்டு, அதன் பிறகும் சொல்வதை நிறுத்தாத ஒருத்தியின் பேச்சு.

தம் வீட்டை அமைதியான வீடு என்று அவர் நினைத்திருந்தார். பேசினால் அது நின்றுவிடுமோ என்று அசையாமல் இருந்தார். அன்று அப்படியே எழுந்து போனார். மறுநாள் காலையில் பசியாறி முடித்ததும் அவர் வேறு எங்கும் போகவில்லை. துண்டைப் போட்டுக்கொண்டு நேரே அடுப்படிக்கு வந்தார். அடுத்த நாளும் வந்தார்.

அந்த நாள் அம்சவள்ளி சாம்பாரைக் கிளறிக்கொண்டே, "உப்பு போட்டேனா, இல்லையா?" என்று தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார்.

"போட்ட. ரெண்டு தடவ போட்ட."

கரண்டி சாம்பாருக்குள் போய்விட்டது. அம்சவள்ளி திரும்பினார்.

"உங்களுக்கெப்படித் தெரியும்?"

"உப்பு டப்பா மூடி ரெண்டு தடவ தொறந்துச்சே."

"துண்ட எடுங்க."

எடுத்தார். அம்சவள்ளி மெஷினைப் பார்த்தார். அடுப்பை அணைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எத்தன நாளா இது?"

"ரெண்டு மூனு நாளா."

"நான் பேசுனது எல்லாம்...?"

"கேட்டேன்."

"திட்டுனதுமா?"

"அதுதான் தெளிவா கேட்டுச்சி."

அம்சவள்ளிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் நிறைந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டார். காளியண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தம் குரலே சுவரில் பட்டுத் திரும்பி வந்து காதில் அறைந்தது. நிறுத்திக்கொண்டார்.

"நான் இவ்ளோ சத்தமாவா பேசறேன்?"

"தாமான்ல யார வேணும்னாலும் கேளுங்க."

அவர் குரலை இறக்கினார். பழக்கமில்லாத வேலை, மூச்சு தட்டியது. "அந்த மல்லிச்செடி எங்க இருக்கு?" என்று கேட்டார். அம்சவள்ளி கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். சாம்பார் அன்று வாயில் வைக்க முடியாத உப்பு. இருவரும் தயிர் ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு அம்சவள்ளிக்கு வெட்கம் வந்துவிட்டது. அடுப்படியில் வாயைத் திறக்கவில்லை. காளியண்ணன்தான் போய் உட்கார்ந்து, "பாசார்ல இன்னிக்கி என்னா? செல்லையா கடையில என்னா மீனு?" என்று ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. பிறகு மெல்ல மெல்லப் பழைய பேச்சு திரும்பியது. ஒரே வித்தியாசம், நடுநடுவே பதிலுக்கும் இடம் விடப்பட்டது.

வேனை ஓட்டுவதற்கு முன் அவர் மோகனா வீட்டுக்குப் போனார். "நீயே பாத்துக்கம்மா" என்று ஓட்டுநர் இருக்கையில் ஏறி, எஞ்சினை முடுக்கிவிட்டு முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். மோகனா கடைசி வரிசையில் ஏறி, சாதாரணக் குரலில், "அண்ணே, நிப்பாட்டுங்க" என்றார்.

"இன்னும் கிளம்பவே இல்லயேம்மா" என்றார் காளியண்ணன், திரும்பாமலே.

மறுநாளே அந்தக் குழந்தை வேனில் ஏறினாள்.

வேனில் இப்போது வானொலி இல்லை. அதற்கு வேலையில்லாமல் போய்விட்டது. பின்னால் ஒருத்தி வாய்ப்பாட்டைத் தப்புத் தப்பாகச் சொல்வாள், இன்னொருத்தி திருத்துவாள், அதுவும் தப்பாக இருக்கும். முதலாம் வகுப்புக்காரி ஜன்னல் கண்ணாடியில் விரலால் எதையோ எழுதிக்கொண்டே முனகுவாள். மழை பிடித்தால் கூரையில் தடதடக்கும்போது பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடுவார்கள். அந்த நேரத்தில் காளியண்ணன் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். மெஷின் எல்லாவற்றையும் மீட்டுத் தந்துவிடவில்லை. கல்யாண மண்டபத்தில் பத்துப் பேர் சேர்ந்து பேசினால் அவருக்கு இன்னும் இரைச்சல்தான். அப்போது எழுந்து வெளியே போய் நின்றுகொள்வார். அதற்காக வெட்கப்படுவதில்லை.

ஆலையில் கூட வேலை செய்த தேவதாஸை ஒரு நாள் தேநீர்க்கடையில் பார்த்தார்.

"காதக் காட்டிட்டு வருவோம் வா" என்றார்.

"எனக்கு நல்லா கேக்குதுலா!"

"அப்புறம் ஏன்டா கத்துற?"

கடையே திரும்பிப் பார்த்தது. தேவதாஸ் இரண்டு வாரம் இழுத்தடித்தார். அப்புறம் காளியண்ணனே வேனில் ஏற்றிக்கொண்டு போனார். இப்போது வேறு இரண்டு பேரும் வரிசையில் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்சவள்ளியோடு கோலா சிலாங்கூருக்கு மீன் வாங்கப் போவது அவர்களுக்கு வழக்கம். ஒரு வாரம் போனபோது ஆற்றில் தண்ணீர் வற்றியிருந்தது. படகுத்துறைக்குக் கீழே சேறு பளபளவென்று விரிந்து கிடந்தது. இறாலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது காளியண்ணன் நின்றார்.

"என்னமோ சடசடங்குது."

"மெஷின்ல பேட்டரி போயிருக்கும்."

"இல்ல. கீழேருந்து வருது."

அம்சவள்ளி கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து உற்றுக் கேட்டார். சேறு முழுக்கப் பொடிப்பொடியாக வெடித்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் விரல்கள் சொடக்குப் போடுவது மாதிரி. மீன் விற்ற சீனப் பெண்மணி, "நண்டு, குட்டி இறால். உள்ளே இருக்குது. தண்ணி போனா எப்பவும் இப்படித்தான்" என்றார்.

"எத்தன வருசமா இங்க வர்றேன்," என்றார் அம்சவள்ளி. "எனக்கு நல்லாத்தானே கேக்கும். ஒரு நாள் கூட இதக் கேட்டதில்லயே."

சேற்றில் ஒரு குட்டி நண்டு வளையிலிருந்து தலையை நீட்டி, அவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அம்சவள்ளி இறால் பையைக் கம்பியில் மாட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் கீழே குனிந்தார். காளியண்ணன் அவருக்கு இடம்விட்டு நகர்ந்து நின்றார்.